பத்துமலைக்குப் போகாத வண்டி

கொஞ்சம் அங்கிட்டு ஒதுங்குங்க சார். பாதி உடம்பு உக்காந்தாப் போதும், மீதி பாதிய காத்துல வச்சுக்கிறேன். பழக்கம்தான். வேலூர் வரைக்குமா? நல்லதாப் போச்சு, நாங்களும் வேலூருதான்.

அந்தா முன்னாடி சீட்டுல பச்சச் சேல, அது என் தங்கச்சி கோதை. மடியில காலத் தொங்கப் போட்டுக்கிட்டுத் தூங்குறான் பாருங்க, அது அவ மகன். பேரு நித்திலன். அவங்கப்பன் மலேசியாவுல உக்காந்து செல்லுல தேடிப் புடிச்ச பேரு. எங்க தெருவுல பாதிப் பேருக்கு வாய்க்குள்ள நுழையல. நான் தொரைன்னுதான் கூப்புடுவேன். எதுக்குத் தொரைன்னா, வர்றேன்.

அவ திரும்ப மாட்டா சார். நீங்க எட்டிப் பாத்தாலும் திரும்ப மாட்டா. திருச்சியில ஏறுனதுலேருந்து எங்கிட்டப் பேச்சு இல்ல. எங்கிட்டப் போயி. நான் பேசுனா எழவு வீட்லயே சிரிப்பாக சார். அறந்தாங்கிப் பக்கம் வந்து மைக்கு அடைக்கலம்னு கேட்டுப் பாருங்க. திருவிழாவோ மஞ்சுவிரட்டோ நகைக்கடை தெறப்போ, மைக்கு என் கையிலதான். மைக்கப் புடிச்சேன்னா எங் கொரல்ல நாலு மந்திரி வருவாக, ரெண்டு நடிகரு வருவாக, ஒரு கெழவி, ஒரு வெள்ளாடு. மந்திரி லேசு. வெள்ளாடுதான் தொண்டையக் கிழிச்சுரும்.

என்ன சண்டைன்னா, ஒத்த வார்த்தைச் சண்டை. வேலூர்ல பெரிய டாக்டரு ஒரு கேள்வி கேப்பாராம். "இந்தப் பையன் காலு மாதிரி, அம்மா வழியில வேற யாருக்காச்சும் இருந்துச்சா?" திருச்சி டாக்டரும் இதத்தான் கேட்டாரு. நான் முந்திக்கிட்டு இல்லைன்னுட்டேன். இவ இன்னைக்கு ஆமான்னு சொல்லப் போறேங்குறா. ஆமான்னு சொன்னா இவ குடித்தனம் போச்சு சார். அண்ணன்காரன் எடுத்துச் சொன்னா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிறா.

எல்லாம் அந்த வண்டியால வந்தது.

மாப்ள நீலமேகம், இவ வீட்டுக்காரரு, கோலாலம்பூர்ல ஒரு ஓட்டல்ல பரோட்டா மாஸ்டரு. இந்தக் கோடை லீவுக்கு ஒரு மாசம் வந்து இருந்துட்டுப் போங்கன்னு டிக்கெட்டப் போட்டு விட்டாரு. பொம்பளப் புள்ள தனியாப் போகக் கூடாதுன்னு தொணைக்கு என்னையும் சேத்து. நமக்கு பிளேன் ஏறுறது மொதத் தடவை. சரி, கோதை பொட்டியக் கட்டுறா, பாத்தா பக்கத்துல ஒரு வண்டி நிக்கிது. புள்ளைய உக்கார வச்சுத் தள்ளுற வண்டி. யாரோ சிங்கப்பூர்க்காரவுக வீட்ல பழசு வாங்கியிருக்கா. நான் கேட்டேன், "எதுக்காத்தா இது, அங்க போயி இட்லிக் கடை போடப் போறியா?" சிரிக்கல. "இருக்கட்டும்ண்ணே"ன்னா.

நாலர வயசு சார் அவனுக்கு. நாலர வயசுல நாங்கள்லாம் கம்மாய்ல எருமை வாலப் புடிச்சு நீந்துனவங்க. இவன் வண்டியில சாஞ்சு உக்காந்து, பிஸ்கட்டக் கையில வச்சுக்கிட்டு, ஊரப் பாத்துக்கிட்டே வர்றான். தள்ளுறது யாரு, தாய்மாமன். அன்னைக்கு வச்ச பேருதான் தொரை. திருச்சி ஏர்போட்ல, "மரியாதைக்குரிய பயணிகளே, தொரை வர்றாரு, எல்லாரும் செருப்பக் கழட்டிக் கையில புடிங்க"ன்னு அந்த மைக்குப் பொண்ணு கொரல்ல விட்டேன் பாருங்க. லைன்ல நின்ன சனம் பூராவும் திரும்பிப் பாத்துச்சு. பாதிப் பேரு மேல ஸ்பீக்கரு பொட்டியப் பாக்குறாக, எங்கேருந்து சத்தம் வருதுன்னு. தொரைக்குச் சிரிப்புத் தாங்கல. நான் என்ன செஞ்சாலும் சிரிப்பான் சார். விழுந்தாலும் சிரிப்பான். அதான் அவங்கிட்ட ஒரு நல்ல கொணம், விழுந்தா அழுக மாட்டான். பழகிப் போச்சு.

அவன் கெண்டைக்கால நீங்க பாக்கணுமே. எந்திரிக்கட்டும், காட்டுறேன். உருண்டு தெரண்டு கல்லு மாதிரி. மஞ்சுவிரட்டுல மாடு புடிக்கிற பயலுக்கு அந்தச் சதை கெடையாது. அப்புடி ஒரு கால வச்சுக்கிட்டு வண்டியில உக்காந்து வந்தா எனக்கு ஆத்தாம இருக்குமா இருக்காதா?

அந்த ஊர்ல கடைத் தெருவுன்னா ஒரே கட்டடம் சார், உள்ளயே ஊரு. தரை கண்ணாடி மாதிரி. அங்க சீனாக்காரப் புள்ளைக, மலாய்க்காரப் புள்ளைக, ரெண்டு வயசு இருக்குமா, குடுகுடுன்னு ஓடுதுக. எங்க வண்டியில உக்காந்திருக்கவனப் பாத்துட்டு ஒரு பொடுசு நின்னுச்சு. அது உசரம் இவன் இடுப்புக்குத்தான் வரும். விரல நீட்டி அது அம்மாகிட்ட என்னமோ கேக்குது. பாஷை தெரியலன்னா என்ன, கேக்குறது தெரியாதா? எனக்கு மானம் போச்சு. "எறங்கி நடடா, மாமா கையப் புடிச்சுக்க"ங்குறேன். கோதை வண்டிய வெடுக்குன்னு அங்கிட்டுத் திருப்பிக்கிட்டுப் போறா.

புள்ளைய மடியிலயும் வண்டியிலயும் வச்சுக் கெடுத்தா காலு எங்கேருந்து சார் நிக்கும்? நீங்களே சொல்லுங்க. சைக்கிள ஓட்டாமச் சாத்தி வச்சாலே துருப் புடிக்கிது.

இன்னொன்னு சொல்றேன், இதக் கேளுங்க. இவன் தரையில உக்காந்தா நம்மள மாதிரி வெடுக்குன்னு எந்திரிக்க மாட்டான். மொதல்ல குப்புறத் திரும்புவான். நாலு காலுல நிப்பான். அப்புறம் பின்னாடி மட்டும் தூக்குவான். அப்புறம் ஒரு கைய மொழங்கால்ல ஊனுவான், இன்னொரு கைய தொடையில ஊனுவான், அப்புடியே தன் மேலயே தான் ஏறி வருவான் சார். பன ஏறுற மாதிரி. உச்சிக்கு வந்து, வயித்தத் தள்ளிக்கிட்டு, நம்மளப் பாத்து ஒரு சிரிப்பு.

விடுவேனா? மாப்ள ரூம்ல ஒரு நா சாயங்காலம், கூட வேலை பாக்குற பயலுகள்லாம் வந்திருந்தாக. நான் தரையில உக்காந்து அத அப்புடியே செஞ்சு காட்டுனேன். குப்புற, நாலு காலு, மொழங்கால், தொடை. "ஐயா எங்க போறீக?" "நானா, எம்மேல ஏறிக்கிட்டு இருக்கேன்பா, இன்னும் கொஞ்சம் தூரந்தான்." ரூமே கொல்லுன்னு சிரிச்சுச்சு. ஒருத்தனுக்குக் கண்ணுல தண்ணி. தொரை என் பக்கத்துல வந்து உக்காந்து அவனும் செய்யிறான். மாமனும் மருமகனும் ஜோடியா ஏறுறோம். மாப்ள கூடச் சிரிச்சாரு.

சிரிக்காதது ரெண்டு பேரு. ஒன்னு கோதை, அவள விடுங்க. இன்னொன்னு மாப்ளைக்கு ரூமு வாடகைக்கு விட்ட வீட்டுக்கார அக்கா, பரிமளான்னு பேரு. அந்த ஊரு தமிழு. வயசானவுகளப் பாத்துக்கிற ஒரு விடுதியில நர்சு. வாசல்ல நின்னு பாத்துக்கிட்டு இருந்தவுக உள்ள வந்து, "தம்பி, இன்னொரு வாட்டி செய்ங்க"ன்னாக. பாருங்க, வெளிநாட்ல ஒன்ஸ்மோரு. செஞ்சேன். "நீங்க இல்ல லா. பாப்பா செய்யட்டும்"னாக. தொரையும் செஞ்சான். அந்தக்கா குனிஞ்சு அவன் கெண்டைக்கால அமுக்கிப் பாத்துச்சு. நான் சொன்னேன், "எப்புடிக்கா, பயில்வான் காலு?" கோதையக் கூட்டிக்கிட்டு அடுப்படிக்குப் போச்சு. கதவு சாத்துன சத்தம் கேட்டுச்சு. ரொம்ப நேரம் வரல. எனக்கு அதுல கொஞ்சம் வருத்தம்தான் சார். இன்னும் ரெண்டு ஐட்டம் கைல இருந்துச்சு, கூட்டம் கலஞ்சு போச்சு.

அதுக்கப்புறம் கோதை அந்த வண்டிய விட்டு நகல மாட்டேங்குறா. ராத்திரி கட்டிலுக்குப் பக்கத்துல நிப்பாட்டி வச்சுக்கிறா. நான் பாத்தேன். பைத்தியம் புடிச்ச மாதிரி. சரி, இதுக்கு ஒரு முடிவு கட்டணும், தாய்மாமன்னு ஒருத்தன் எதுக்கு இருக்கேன்? காது குத்த மட்டும் மடி வேணும், கண்டிக்க வேணாமா?

பத்துமலைக்குப் போற அன்னைக்கி கட்டுனேன். ரயில்ல போகணும் சார் அங்க. ஒரு ஸ்டேஷன்ல எறங்கி வேற ரயில் மாறணும். "நீங்க புள்ளையத் தூக்கிட்டு முன்னாடி போங்க, நான் வண்டிய மடிச்சுக்கிட்டு வாறேன்"னேன். மடிச்சேன். கக்கூஸ் பக்கத்துல ஒரு தூணு. அது மறவுல சாத்துனேன். கைய வீசிக்கிட்டு வந்து ரயில்ல ஏறிட்டேன். கதவு மூடி ரயில் நகந்தப்பறந்தான் கோதை கேட்டா, "வண்டி எங்கண்ணே?" நான் பதறுனேன் பாருங்க, அந்த மாதிரி எந்த மேடையிலயும் பதறுனதில்ல. "ஐயையோ, இங்கதானே வச்சேன், எவனோ தூக்கிட்டானே." மாப்ள சொல்றாரு, "இங்கெல்லாம் அப்புடித் தூக்க மாட்டானுகளே மச்சான். திரும்பிப் போயிப் பாக்கலாமா?" "சாமிக்குப் போற வழியில பின்னாடி திரும்பக் கூடாது மாப்ள"ன்னுட்டேன். அவரு நம்பிட்டாரு.

கோதை நம்பல. நான் எத்தன வேசம் போட்டாலும் அவளுக்குத் தெரிஞ்சிரும். புள்ளைய நெஞ்சோட சேத்து அணச்சுக்கிட்டா. சன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டா. அவ்வளவுதான்.

படி ஏறணும்ல சார் அங்க. கலர் கலரா அடிச்சு வச்சிருக்காக, நல்லாத்தான் இருக்கு, ஆனா செங்குத்து. அடியில நின்னு பாத்தா கழுத்து வலிக்கிது. கோதை புள்ளையத் தூக்கப் போறா. நான் வாங்கி எறக்கி விட்டேன். "முருகன் கோயிலுக்குப் பாதம் பட நடந்து போகணும் புள்ள. அவன் நடப்பான், நீ சும்மா இரு." கோதை, "வேணாம்ண்ணே, அவனால முடியாதுண்ணே"ங்குறா. மாப்ளதான், "ஏறட்டும் விடு, மச்சான்தான் இருக்காருல்ல"ன்னாரு.

ஏறுனான் சார். நீங்க பாத்திருக்கணும். நான் முன்னாடி, அவனப் பாத்தபடி பின்பக்கமா ஏறிக்கிட்டே போறேன், ஒவ்வொரு படிக்கும் ஒரு ஆளு. மந்திரி கொரல்ல, "தொரை அவர்களே, இந்தப் படி உங்கள் படி." கண்டக்டரு கொரல்ல, "மேல ஏறு மேல ஏறு, படியில நிக்காத." வெள்ளாட்டுக் கொரல்ல ஒரு படி. அவனுக்கு ஒரே சிரிப்பு. சிரிச்சுக்கிட்டே கைப்புடியப் புடிச்சு, ஒரு காலத் தூக்கி வச்சு, இன்னொரு கால இழுத்துக்கிட்டு வர்றான். சுத்தி நின்ன சனம் கை தட்டுது. வேர்வை ஊத்துது அவனுக்கு, மூஞ்சி செவந்து போச்சு. "ஆடு கத்து மாமா, இன்னொரு ஆடு"ங்குறான். நான் கத்துறேன், அவன் ஏறுறான். நான் நிறுத்துனா அவன் நின்னுருவானோன்னு பயமாப் போச்சு. தொண்டை கட்டிக்கிச்சு எனக்கு.

பாதிக்கு மேல வந்தாச்சு. காலத் தூக்குனான், படி மேல வக்கிறதுக்குள்ள மொழங்கால் மடங்கிருச்சு. கத்தி மடக்குன மாதிரி. தடுக்கல சார், வழுக்கல. நின்ன எடத்துலயே கீழ போனான். நான் சட்டையப் புடிச்சுட்டேன், இல்லாட்டி உருண்டிருப்பான். ஒதடு கிழிஞ்சு ரத்தம். அப்பவும் என்னப் பாத்துச் சிரிக்கிறான். பல்லெல்லாம் செகப்பு. பக்கத்துல ஒரு கொரங்கு, சுவத்து மேல உக்காந்துக்கிட்டு, அவன் கையிலேருந்து விழுந்த பிஸ்கட்டக் கூட எடுக்காமப் பாத்துக்கிட்டே இருந்துச்சு. கொரங்கு பிஸ்கட்ட எடுக்காம இருந்து நான் பாத்ததில்ல சார்.

கோதை உக்காந்து முந்தானையில ஒதட்டத் தொடச்சு விட்டா. மாப்ள தண்ணி வாங்கக் கீழ ஓடுனாரு. அவரு போனப்பறம் எங்கிட்ட மெல்லமாச் சொன்னா, "வெள்ளண்ணன் மாதிரியே விழுகுறான்ண்ணே."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். சாமி எடத்துல வச்சுச் சொல்ற பேரா அது?

இது வெளியில சொல்றதில்ல சார். நீங்க வேத்தூரு, எறங்குனா உங்க பாட்டுக்குப் போயிருவீக, அதனால சொல்றேன். எங்க மூத்தவன் ஒருத்தன் இருந்தான், வெள்ளைச்சாமி. மீசை மொளைக்கிறதுக்குள்ள போயிட்டான். மரத்துலேருந்து விழுந்துட்டான். விழுந்ததுல காலு போயி, காலு போனதுல படுத்து, படுத்ததுல நெஞ்சு கட்டிப் போயிட்டான். எங்கப்பா புளியமரம்பாரு. எங்கம்மா கெணத்து மேட்டு நாவமரம்னு சொல்லும். எந்த மரம்னு எனக்குத் தெரியாது, விழுந்தத நான் பாக்கல. எனக்கு நெனவு தெரிஞ்ச நாள்லேருந்து அவன் அப்புடித்தான் நடந்தான். வயித்தத் தள்ளிக்கிட்டு, நுனிக்கால்ல, வாத்து மாதிரி ரெண்டு பக்கமும் ஆடி ஆடி.

அவந்தான் எனக்கு மொத வாத்தியாரு. அவன் பின்னாடியே அவன மாதிரி நடந்து போவேன், தெருவே சிரிக்கும். அவன் திரும்பிப் பாத்துட்டு, "இடுப்ப இன்னும் ஆட்டுடா, இது பத்தாது"ம்பான். அம்புட்டு நல்ல பய. இன்னைக்கும் "சந்தைக்குப் போற தாத்தா"ன்னு ஒரு ஐட்டம் பண்றேன், அது அவன் நடைதான். அந்த ஐட்டத்துக்குக் கை தட்டாத ஊரு கெடையாது.

ஆனா மாப்ள வீட்ல வேற மாதிரி சொல்லியிருக்கோம். பொண்ணு பாக்க வந்தப்ப, சுவத்துல படத்தக் காணமே, மூத்த பையன் எப்புடிப் போனாப்புலன்னு மாப்ளையோட அம்மா கேட்டுச்சு. காலு கீலுன்னு சொன்னா எவன் சார் பொண்ணு எடுப்பான்? பாம்பு கடிச்சுப் போயிட்டான்னு நான்தான் சொன்னேன். நுரை தள்ளுனது, வைத்தியரு வர்றதுக்குள்ள நாக்கு இழுத்தது, எல்லாம் சொன்னேன். அந்தம்மா கண்ணத் தொடச்சுக்கிச்சு. அன்னைக்கே தட்டு மாத்துனாக. என் வாயாலதான் சார் இவளுக்கு வாழ்க்கையே.

இப்ப இவ வேலூர்ல போயி, ஆமா, எங்கண்ணன் ஒருத்தனுக்கு இருந்துச்சுன்னு சொல்லுவா. அது பேப்பர்ல ஏறும். மாப்ள கேப்பாரு. அவங்கம்மா, உங்க ரத்தத்துல இருந்த வெசத்த எம் பேரனுக்கு ஏத்திட்டீங்களேன்னு கேக்கும். புள்ள வண்டியில உக்காந்து காலு மந்தமாப் போனதுக்கு, செத்துப் போனவன எழுப்பிக் கொண்டாந்து நிறுத்தணுமா?

திருச்சி டாக்டரு ரத்தத்துல என்னமோ கண்டபடி ஏறி நிக்கிதுன்னாரு. சதையிலேருந்து வருதாம். நான் சொன்னேன், பின்ன, அம்புட்டு சதை இருக்குல்லன்னு. அவரும் சிரிக்கல. அந்தக் கேள்விய மறுபடி கேட்டாரு. அம்மாவோட அண்ணன் தம்பி யாராச்சும்? "நான்தான் அண்ணன், இந்தா நிக்கிறேன், காலப் பாத்துக்கங்க"ன்னு ஒரு குதி குதிச்சுக் காட்டுனேன். எழுதிக்கிட்டாரு. வெளிய வந்ததுலேருந்து கோதை சோறு திங்கல.

அவ சோறு திங்காம இருக்கக் கூடாது சார் இப்ப. மலேசியாவுலேருந்து வந்ததுக்கு நல்ல சேதி அது ஒன்னுதான். முழுகாம இருக்கா. வகுறு இப்பத்தான் லேசா முன்னாடி கூர்மையாத் தள்ளுது, எங்கம்மா பாத்துட்டுச் சொல்லிருச்சு, இதுவும் ஆம்பளப் புள்ளதான்னு. தொரைக்கு ஒரு தம்பி. வேலூர்ல அதையும் பாக்கணுமாம், சீக்கிரமாப் பாக்கணுமாம், நாளக் கடத்தக் கூடாதாம். அதுக்குத்தான் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலு வேணுமாம். அது இன்னும் தரையவே மிதிக்கல, அதுகிட்ட காலப் பத்தி என்னத்தப் பாக்கப் போறாகன்னு கேட்டேன். இதுக்கும் யாரும் சிரிக்கல. என்னமோ தெரியல சார், இந்த மூணு மாசமா நான் சொல்றதுக்கு யாருமே சிரிக்க மாட்டேங்குறாக, அந்தப் பய ஒருத்தனத் தவிர.

இப்பெல்லாம் அவனும் எந்திரிக்கச் சொன்னா எந்திரிக்க மாட்டேங்குறான். ஆடு கத்துனாலும்.

காலையில திருச்சி பஸ் ஸ்டாண்டுல டீ வாங்கிக் குடுத்தேன். குடிக்கல. புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு என் மூஞ்சிய நேராப் பாத்துச் சொன்னா: "அண்ணே, வெள்ளண்ணன் போனப்ப எனக்குச் சின்ன வயசு. மடியில வச்சுக்கிட்டுக் கதை சொன்னதும் அடிக்கடி விழுந்ததும் மட்டுந்தான் ஞாபகம் இருக்கு. ஒரு போட்டோ கெடையாது, ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு கெடையாது. உன் காலுலதான் அவன் இருக்கான். நீ உள்ள வந்து டாக்டருக்கு அவன மாதிரி நடந்து காட்டு. எந்திரிச்சுக் காட்டு. அவுகளே பாத்துக்கிருவாக. நான் கேக்குறது இது ஒன்னுதான்."

பஸ்ஸு வந்துருச்சு, ஏறிட்டோம். அப்பலேருந்து அந்தப் பச்சச் சேலையோட முதுகத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்.

நடக்குறதுக்கு என்ன சார், நடந்துருவேன். ஆயிரம் பேரு முன்னாடி நடந்தவன், ஒரு டாக்டரு முன்னாடி நடக்க மாட்டேனா? அவன் கழுத்தச் சாய்க்கிறது, படியப் பாத்ததும் நின்னு ஒரு மூச்சு விடுறது, எல்லாம் இருக்கு எங்கிட்ட. கடைசியில கைய வாய்க்குக் கொண்டு போக முடியாம, வாயக் கைக்குக் கொண்டு வருவான், அது கூட இருக்கு. அத மேடையில செஞ்சதில்ல.

ஆனா நடந்து முடிச்சதும், இது யாருன்னு கேப்பாகள்ல. அங்கதான் இடிக்கிது. கண்டக்டரு வேலூர் வேலூருங்குறான், நீங்களும் பையத் தூக்கிட்டீக. படிச்சவுக மாதிரி தெரியிது, ஒன்னே ஒன்னு சொல்லிட்டு எறங்குங்க. நடையத்தானே டாக்டரு பாக்கணும், அத நான் அச்சு அசலாக் காட்டிருவேன். யாருன்னு கேட்டா, பக்கத்து வீட்டுப் பய ஒருத்தன்னு சொன்னா போதாதா சார்?